அப்பாவின் பைபேப்பில் ஏஎச்ஐ ஏறியதற்கு ஏற்காடுதான் காரணமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ஸ்லீப் ஸ்டடியில் ஏஎச்ஐ, அதாவது தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண், 52 வந்தது. முதலில் மாஸ்க் வழியாக ஒரே பிரஷரில் காற்றைத் தள்ளும் சீபேப் மெஷின் கொடுத்தார்கள். 15 பிரஷரில் மூச்சை வெளியே விடவே முடியவில்லை என்று மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். அதனால் இரண்டு பிரஷர் தரும் பைபேப்புக்கு மாற்றி, மூச்சை இழுக்கும்போது (ஐபேப்) 15, விடும்போது (ஈபேப்) 9 என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏஎச்ஐ 3.2 ஆனது. ஆனாலும் பகலில் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். பிரஷர் போதவில்லை என்று நினைத்து, வீடியோ பார்த்து நானே ஐபேப்பை 19 ஆக்கினேன். பிறகு ஏற்காட்டில் அத்தை வீட்டுக்கு ஒரு வாரம் போய்வந்தோம். இப்போது ஏஎச்ஐ 8.6, மாஸ்க்கில் காற்று கசியும் லீக் 33. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையா? பிரஷரை இன்னும் ஏற்ற வேண்டுமா?

பதில்:

ஏற்ற வேண்டாம். இன்று இரவே பழையபடி 15, 9-க்குக் கொண்டுவந்துவிட்டு, நாளைக் காலையில் எழுதிக்கொடுத்த டாக்டருக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மற்றதைச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஸ்லீப் லேபில் பதினைந்து வருடமாக ராத்திரி டூட்டி பார்க்கும் டெக்னீஷியன். அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மலையின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய மெஷின் திரையின் போட்டோக்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 8-ஆம் தேதி இரவு ஏஎச்ஐ 3.1. 9-ஆம் தேதி மாலை ஐபேப்பை 19 ஆக்கியதாகச் சொல்கிறீர்கள். அன்று இரவே 7.9. அப்போது அப்பா சேலம் அஸ்தம்பட்டியில் உங்கள் வீட்டில்தான் படுத்திருக்கிறார். நீங்கள் மலை ஏறியது 12-ஆம் தேதி. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னாலேயே எண் ஏறிவிட்டது.

ஏன் ஏறியது என்பது புரிய, அந்த இரண்டு பிரஷரும் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்ட்ராவை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வருவதற்கு எவ்வளவு தம் பிடிக்க வேண்டியிருக்கிறதோ, அதுதான் பிரஷர் 15. மெஷின் காட்டும் எண்ணெல்லாம் தண்ணீரின் ஆழம்தான், சென்டிமீட்டர் கணக்கில். சீபேப்பில் உங்கள் அப்பா ஒவ்வொரு மூச்சையும் அந்த ஆழத்தை எதிர்த்து வெளியே விட்டிருக்கிறார். கழற்றிப் போட்டதில் தப்பே இல்லை. பைபேப்பில் மூச்சை இழுக்கும்போது 15, விடும்போது 9. ஸ்ட்ராவை 9 சென்டிமீட்டருக்கு மேலே தூக்கிவிட்டு ஊதினால் வித்தியாசம் உடனே தெரியும்.

விடும்போது இருக்கும் பிரஷர், அதாவது ஈபேப், தொண்டை மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிற கம்பு. முழு மூச்சடைப்பு நிறைய வந்தால் லேபில் நாங்கள் முதலில் அதைத்தான் ஏற்றுவோம், கூடவே ஐபேப்பையும். அடைப்பு நின்ற பிறகும் அரைகுறை மூச்சும் குறட்டையும் மிச்சமிருந்தால் ஐபேப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. பிரஷர் சப்போர்ட் என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அது 15-லிருந்து 9 போக 6. ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. நீங்கள் ஐபேப்பை மட்டும் 19 ஆக்கியதும் அது 10 ஆகிவிட்டது. தொண்டையைத் திறந்து வைக்கிற கம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, மூச்சுதான் பெரிதாகிவிட்டது.

அதற்குச் சாட்சி உங்கள் படத்திலேயே இருக்கிறது. டைடல் வால்யூம் என்ற வரியைப் பாருங்கள். முன்பு 460 மில்லி, இப்போது 620. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்ற கணக்கு அது. உங்கள் அப்பாவின் உயரம் 165 சென்டிமீட்டர் என்கிறீர்கள். அந்த உயரத்துக்கான எடை ஆண்களுக்குச் சுமார் 61 கிலோ. தராசு எத்தனை காட்டினாலும் நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்ததுதான். கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்று வைத்தால் 370-லிருந்து 490 வரை வரும். 460 சரியாக அதற்குள் இருந்தது. 620 அதைத் தாண்டிவிட்டது.

கூடுதலாக மூச்சு விட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். தூக்கத்தில் ‘மூச்சை இழு’ என்று மூளையைத் தூண்டுவது ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. மூச்சு பெரிதாகப் பெரிதாக அது கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மூளை சும்மா இருந்துவிடும். பத்து, பதினைந்து விநாடி மூச்சே வராது. தொண்டை திறந்துதான் இருக்கும், அடைப்பு இருக்காது. இதை மெஷின் ‘கிளியர் ஏர்வே’ என்றோ ‘சென்ட்ரல்’ என்றோ தனியாக எழுதும். உங்கள் 8.6-ஐப் பிரித்துப் பார்த்தால் கிளியர் ஏர்வே 5.4, அரைகுறை மூச்சு 2.4, அடைப்பு 0.8. ஏறியதில் பெரும்பங்கு இந்த முதல் வகைதான். இதற்குப் போய் இன்னும் பிரஷரை ஏற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதைதான்.

ஏஎச்ஐ என்பது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற சராசரி. பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எல்லோரும் இந்த ஒரு எண்ணையே காலையில் ராசிபலன் மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எந்த வகை என்று பிரிக்காமல் ஏஎச்ஐயைப் பார்ப்பது, கடையில் மொத்த வசூலை மட்டும் பார்த்துவிட்டு எந்தச் சரக்கு போனது என்று கேட்காமல் இருப்பது போலத்தான்.

திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மூச்சு நின்ற சில விநாடிகளில் அது மெல்லிய அதிர்வையோ சின்னக் காற்றுத் துடிப்பையோ அனுப்பிப் பார்க்கும். பாதை திறந்திருந்தால் அந்தத் துடிப்பு உள்ளே போகும், மூடியிருந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் தூக்கமா விழிப்பா என்று மூளை அலையைப் பார்க்கும் ஈஈஜி வயர் அதற்கு இல்லை. அப்பா விழித்துக்கொண்டு புரண்டு படுக்கும்போது ஒரு கணம் மூச்சைப் பிடித்தால் அதையும் சென்ட்ரல் என்று எழுதிவிடும். அதனால் இரவில் நாலைந்து வந்தால் பொருட்படுத்த வேண்டாம். மணிக்கு ஐந்துக்கு மேல், அதுவும் இரவு முழுக்கப் பரவலாக வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

‘கிளியர் ஏர்வே வருதுன்னா ஏஎஸ்வி மெஷின் வாங்கிடலாமே’ என்று யாராவது யோசனை சொல்வார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சுக்கு மூச்சு பிரஷரைத் தானே கூட்டிக் குறைக்கும் மெஷின் அது. இதயம் பலவீனமானவர்களிடம் அந்த மெஷினைச் சோதித்த சர்வ்-எச்எஃப் என்ற பெரிய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இதயத்தின் பம்ப் அளவு 45 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில், மெஷின் வைத்தவர்களிடம்தான் இதய நோயால் இறப்பு அதிகமாக இருந்தது. எக்கோ எடுக்காமல் யாரும் அதைத் தொடுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்தப் பேச்சே தேவைப்படாது என்று நினைக்கிறேன். பழைய இடைவெளிக்குத் திரும்பினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு வாரம் ஆகியும் அடங்காவிட்டால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

இன்னொரு விஷயம். உங்கள் மெஷின் ‘எஸ்’ என்ற மோடில் ஓடுகிறது. அப்பா மூச்சை இழுத்தால் அது தள்ளும், இழுக்காவிட்டால் காத்திருக்கும். ‘எஸ்டி’ மோடில் இத்தனை விநாடிக்குள் மூச்சு வராவிட்டால் மெஷினே ஒரு மூச்சைக் கொடுக்கும். அது உடல் பருமனால் மூச்சே ஆழமில்லாமல் போனவர்களுக்கும், தசை பலவீனம் உள்ளவர்களுக்கும், நாட்பட்ட நுரையீரல் நோயில் கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்களுக்கும் எழுதிக்கொடுப்பது. அவர்களுக்கு 10, 12 என்ற இடைவெளிகூட வேண்டுமென்றே வைப்பதுதான். ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு 22, 8 வெச்சிருக்காங்களே’ என்று ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அது வேறு வியாதி.

சரி, லீக்குக்கு வருவோம். என்னைக் கேட்டால் காலையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லீக் அதிகமாக இருக்கிற இரவில் மற்ற எந்த எண்ணையும் நான் முழுதாக நம்ப மாட்டேன். மூச்சின் அளவையே மெஷின் காற்றோட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, காற்று வேறு வழியில் போனால் கணக்கும் போச்சு. இதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு வித்தியாசம் உண்டு. மாஸ்க்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், விட்ட மூச்சு வெளியேறுவதற்காக. ரெஸ்மெட் மெஷின்கள் அந்த ஓட்டைக் காற்றைக் கழித்துவிட்டு, மிச்சம் கசிவதை மட்டும் காட்டும். அங்கே நிமிடத்துக்கு 24 லிட்டர்தான் எல்லை. பிலிப்ஸ் மெஷின்கள் இரண்டையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். அங்கே 33 என்றால் பெரும்பாலும் ஓட்டை வழியே போக வேண்டிய காற்றுதான், கவலை இல்லை. உங்களுடையது முதல் வகை. அதனால் 33 அதிகம்தான்.

அந்த ஓட்டைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கன்னங்குறிச்சியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ‘காத்து வீணாப் போகுது, சத்தமும் கேக்குது’ என்று பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். ஒரு மாதமாகக் காலையில் தலைவலி என்றுதான் வந்தார். மாஸ்க்கைக் கையில் வாங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஈபேப்பை வழக்கமாக 4-க்குக் கீழே வைக்காததும் இதற்காகத்தான். அந்த அளவு காற்றாவது ஓடினால்தான் மாஸ்க்குக்குள் தேங்கியது வெளியே போகும்.

உங்கள் அப்பாவின் லீக்கில் ஒரு சங்கதி கவனித்தேன். 95 சதவீத எண், அதாவது 95 சதவீத நேரம் லீக் எதைத் தாண்டவில்லையோ அது, 33, நடு எண் 6. அதாவது பாதி இரவு 6-க்கும் கீழே நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரம் மட்டும் எகிறுகிறது. மாஸ்க்கே பொருந்தவில்லை என்றால் படுத்ததிலிருந்தே கசியும். தூக்கம் ஆழமான பிறகு மட்டும் கசிந்தால் பெரும்பாலும் வாய் திறந்துகொள்கிறது. மூக்கு மாஸ்க்தான் போடுகிறார், காலையில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, சொம்புத் தண்ணீரையும் குடித்துவிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேறென்ன வேண்டும். 19 ஆக்கியது அதை இன்னும் மோசமாக்கியது. வாய்வரை மூடும் மாஸ்க்கோ தாடைப் பட்டையோ தேவைப்படலாம். அதற்கு முன் மூக்கடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு அடைத்தவருக்குத் தாடையைக் கட்டுவது கொடுமை.

இரவில் படுக்கும்போது தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டா? நம் ஊரில் பாதி லீக்குக்கு அதுதான் காரணம் என்பேன். நெற்றியில் வழிந்த எண்ணெயில் மாஸ்க்கின் சிலிக்கோன் வழுக்கும், நாளடைவில் ஊறிப்போய் உப்பிக்கொள்ளும். பட்டையை இறுக்கினால் சரியாகாது, மூக்குத்தண்டு புண்ணாவதுதான் மிச்சம். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பல்செட் கழற்றி வைப்பவர் என்றால் கழற்றிய பிறகு மாஸ்க் அளவு பாருங்கள், கன்னம் உள்ளே போயிருக்கும்.

‘நான் மூச்சை விட ஆரம்பித்த பிறகும் மெஷின் தள்ளிக்கொண்டே இருக்கு’ என்று அவர் சொன்னதற்கும் லீக்தான் காரணம் என்று நினைக்கிறேன். இழுக்கும் காற்றின் வேகம் ஒரு அளவுக்குக் குறைந்ததும், ‘சரி, இழுத்து முடித்துவிட்டார்’ என்று மெஷின் 9-க்கு இறங்கும். வாய் வழியே கசிந்துகொண்டே இருந்தால் வேகம் குறைந்ததாகவே அதற்குத் தெரியாது. டிஐ மேக்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. ‘எப்படியிருந்தாலும் இத்தனை விநாடிக்கு மேல் தள்ளாதே’ என்ற கடிவாளம் அது, பெரும்பாலும் 2 விநாடியில் இருக்கும். ரைஸ் டைம் என்பது 9-லிருந்து 15-க்கு எவ்வளவு சடக்கென்று ஏறுவது என்பது. டிரிகர் என்பது எவ்வளவு லேசாக மூச்சை இழுத்தாலும் உணர வேண்டும் என்பது. இவற்றைத் திருக வேண்டிய அவசியம் அபூர்வம். லீக்கை அடக்கிய பிறகும் மூச்சும் மெஷினும் ஒத்துப்போகாவிட்டால் லேபில் வைத்து, அலைகளைப் பார்த்துத்தான் மாற்றுவோம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஏஎச்ஐ 3.2 இருந்தபோதே அவர் ஏன் பகலில் தூங்கினார்? உங்கள் படத்தில் ஏஎச்ஐக்கு மேலே ஒரு வரி இருக்கிறது, உபயோக நேரம். 4 மணி 12 நிமிடம். பத்தரைக்குப் படுக்கிறார், இரண்டே முக்காலுக்குப் பாத்ரூம் போக எழுந்து மாஸ்க்கைக் கழற்றுகிறார், திரும்ப மாட்டுவதில்லை. ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்கிறார். 3.2 என்பது மாஸ்க் போட்டிருந்த நேரத்தின் கணக்கு மட்டுமே. மிச்சம் 2 மணி 48 நிமிடம் அவருக்குப் பழைய 52 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் 22-க்கு மேல் வருகிறது. அதுதான் அவருடைய உண்மையான ஏஎச்ஐ. போதாக்குறைக்கு, கனவுத் தூக்கம் அதிகம் வருவது விடியற்காலைப் பக்கம். தசையெல்லாம் தளர்ந்து பலருக்கும் மூச்சடைப்பு மோசமாவது அப்போதுதான். மோசமான பாதியை மெஷின் இல்லாமல் தூங்கிவிட்டு, நல்ல பாதியின் மதிப்பெண்ணை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாலு மணி நேரம் போட்டால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது 35 மார்க் மாதிரி, பாஸ் போடலாம், அவ்வளவுதான்.

ஆக, பிரஷர் போதாமல் இல்லை, நேரம்தான் போதவில்லை. நாக்கு வறள்வதால் கழற்றுகிறார், லீக்கால் நாக்கு வறள்கிறது. இந்த முடிச்சை லீக்கின் பக்கமிருந்துதான் அவிழ்க்க வேண்டும். பாத்ரூம் போகும்போது மாஸ்க்கைக் கழற்றாமல் டியூபை மட்டும் பிரித்துவிட்டுப் போகப் பழக்குங்கள். மாஸ்க் பக்கத்தில் ஒரு சின்ன இணைப்பு இருக்கும். விளக்கைப் போட்டுப் பகலில் நாலு தடவை செய்து காட்டினால் கை பழகிவிடும். திரும்ப வந்து படுத்ததும் முழு பிரஷர் முகத்தில் அடிக்கிறதென்றால் ரேம்ப் பொத்தானை அமுக்கினால் மெதுவாக ஏறும். சிலருக்கு நேர் எதிராக, ரேம்ப்பில் காற்றே போதவில்லை, அடைக்கிறது என்று தோன்றும். அவர் எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு ஒன்றுமே பங்கில்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஊர் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. இப்போதைய மெஷின்கள் அதைத் தானே கண்டுபிடித்து விசிறியை வேகமாகச் சுற்றிக்கொள்ளும், பிரஷர் மாறாது. ரொம்பப் பழைய மெஷின்களில்தான் உயரத்தைக் கையால் வைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஒன்றிரண்டு புள்ளி குறைந்து தெரியலாம். உயரத்தில் சென்ட்ரல் வகை கூடுவது உண்மைதான், ஆனால் அது பெரிதாகத் தெரிவது இன்னும் உயரமான மலைகளில். உங்கள் படங்களில் கீழே இருந்த 7.9 மேலே போனதும் 8.6 ஆகியிருக்கிறது. மலையின் பங்கு என்று சொன்னால் அந்த வித்தியாசம்தான், அதுவும் அன்றாட ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம்.

அங்கே ராத்திரி டியூபில் களகளவென்று சத்தம் வந்ததாகச் சொன்னீர்களே, அது குளிரின் வேலை. சூடாக ஈரமாகப் போகும் காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகிறது, டம்ளரில் ஐஸ் போட்டால் வெளியே வேர்ப்பது போல. அந்தத் தண்ணீர் குலுங்குவதில் மெஷினும் குழம்பிவிடும். அடுத்த முறை மெஷினைக் கட்டில் உயரத்துக்குக் கீழே வையுங்கள், டியூபைப் போர்வைக்குள் விடுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரு வாரத்தில் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். கரண்டை அதிகம் இழுப்பது ஈரப்பத ஹீட்டர்தான், அதை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

காலையில் தொடர்ந்து தலைவலி, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், கால் வீக்கம், மெஷின் ஓடும்போதே ஆக்சிஜன் 88-க்குக் கீழே நிற்பது, இதில் எது வந்தாலும் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொல்லாமல் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை டியூபில் சொருகவும் வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது மெஷினின் மெமரி கார்டோடு மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே அப்பாவைப் படுக்க வைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி ஆள் வந்து நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிவிட்டுப் போனதாகத்தானே எழுதியிருக்கிறீர்கள். படுத்தால் முகத்தின் வாகே மாறிவிடும்.